மாசி மாதத்தில் மட்டும் கூடுதலாகக் குடித்த லாரி

எங்கள் லாரிக்கு மாசி பிறந்தால் போதும், வாய் பெரிதாகிவிடும். மற்ற மாதங்களில் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி, மாசியில் மூன்றரைக்கு வந்து நிற்கும். பங்குனி பிறந்தால் தானாகவே குணமாகிவிடும். கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்காரர் அதைக் காட்டாத மெக்கானிக் பாக்கியில்லை. இஞ்சின் நாசிலை மாற்றினார். டீசல் பம்பைக் கழற்றிக் கொண்டுபோய் டெஸ்ட் பண்ணி மாட்டினார். ஏர் ஃபில்டரைத் தட்டினால் அரைப்படி கரிசல் புழுதி கொட்டும். அதையும் வாராவாரம் தட்டினார். மாசி வந்தது, வண்டி மறுபடியும் குடித்தது.

வண்டியில் கோளாறு இல்லை என்றால் ஓட்டுகிறவனிடம்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார். ஓட்டுகிறவன் என் கூடப்பிறந்த தம்பி வேலு.

அதை அவர் சொன்னபோது நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, ஒன் தம்பி வழியில டீசல எறக்கி வித்துருதான்."

"நீங்க கண்ணால பாத்தியளா?"

"கண்ணால வேற பாக்கணுமாக்கும்? கணக்குதான் சொல்லுதே. இந்த நடை போயிட்டு வரட்டும், அவன எறக்கிட்டு வேற ஆளப் போடப்போறேன்."

எனக்கு வந்ததே கோபம்! தோசை கருகியது கருகட்டும் என்று கரண்டியைக் கீழே வைத்தேன். கிளீனருக்கு ஊரில் கல்யாணம், அந்த நடைக்கு வரவில்லை. "கிளீனர் சீட்டுல நான் போறேன். போய்ட்டு வார வரைக்கும் அவன் பக்கத்துலயே இருக்கேன். என் தம்பி திருடன்னா நானே அவன எறக்கி விட்டுட்டு வாரேன். இல்லன்னா நீங்க சொன்ன சொல்லத் திரும்ப எடுத்துக்கணும்" என்றேன்.

அவர் ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவே இல்லை. "சரி, போ" என்றுவிட்டார். மனுசன் அப்படித்தான், எதிர்பார்க்காத இடத்தில் சரி என்பார்.

பிள்ளைகள் இரண்டையும் கழுகுமலையில் தங்கச்சி வீட்டில் விட்டேன். எட்டயபுரத்தைத் தாண்டிப் பஸ்ஸில்கூட அதிகம் போகாத நான், ஆந்திராவுக்குத் தீப்பெட்டி லோடு ஏற்றிய லாரியில் கிளம்பினேன்.

புறப்படுகிற அன்று காலையில் எங்கள் வீட்டுக்காரர் பங்க்கில் டேங்க் வாய் வழிய டீசல் போடச் சொன்னார். போட்டதும் பம்பரில் ஏறி நின்று வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். உள்ளே இருக்கிற காற்று வெளியே வந்தால் இன்னும் கொஞ்சம் பிடிக்குமாம். குழந்தைக்குப் பால் புகட்டி ஏப்பம் வாங்குகிற மாதிரி இருந்தது எனக்கு. பிறகு டேங்க்குக்குள் விட்டு அளக்கிற மூங்கில் குச்சியை என் கையில் கொடுத்தார். அதில் அவரே கத்தியால் கோடு கீறி வைத்திருந்தார். "நிக்கிற எடத்துலல்லாம் விட்டுப் பாரு. எறங்கும்போது ஒரு அளவு, ஏறும்போது ஒரு அளவு. கொறைஞ்சா அந்த எடத்துல ஆள் இருக்குன்னு அர்த்தம்."

வேலு இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. மதுரையைத் தாண்டும்வரை என்னிடமும் பேசவில்லை.

வண்டிக்குள் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பது வேறு உலகம். பஸ்ஸில் போனால் பக்கத்துச் சீட்டுக்காரியின் கூடைதான் தெரியும். இங்கே ரோடு முழுக்க நம் மடிமேல் வந்து விழுகிறது. முதல் அரைநாள் முழுக்க எதிரே வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நான் காலால் பிரேக் அழுத்திக்கொண்டே இருந்தேன். வேலு அதைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அதோடு அவன் மௌனம் உடைந்தது.

ஐம்பதுக்கு மேல் அவன் வேக முள்ளை ஏறவிடுவதில்லை. எங்களைத் தாண்டிப் போன லாரிக்காரர்கள் ஆரன் அடித்துக் கேலி செய்தார்கள். ஒருத்தன் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணாச்சி, பொண்ணு அழைச்சிட்டுப் போறியளோ?" என்று கேட்டான்.

"ஏலே, கொஞ்சம் வெரசாத்தான் போயேன். மானம் போகுது" என்றேன்.

"போகலாம்க்கா. தீப்பெட்டி லோடு கனமில்ல, ஆனா மலை மாதிரி ஒசரம். அம்பதுக்கு மேல போனா வண்டி காத்தோட மல்லுக்கட்டணும். மல்லுக்கட்டுத ஒவ்வொரு நிமிசமும் டீசல்தான்."

அவன் சொன்னபிறகுதான் எனக்கும் காதில் விழுந்தது. மேலே தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதையும் அவன் விடவில்லை. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி மேலே ஏறினான். கயிற்றின் ஒரு நுனியை என்னிடம் வீசி இழுக்கச் சொன்னான். கையெல்லாம் சிவக்க இழுத்துக் கட்டினோம். படபடப்பு அடங்கியது. டயர் எல்லாவற்றையும் இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்டு, ஒன்றில் காற்று குறைவு என்றான். அடுத்த கடையில் நிரப்பினான். ரயில்வே கேட் மூடியிருந்தால் இஞ்சினை அணைத்துவிடுவான். பெட்டியில் இருக்கிற தங்கத்தைப் போல அவன் டீசலைச் செலவழித்ததைப் பார்க்கப் பார்க்க, எங்கள் வீட்டுக்காரர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது.

ஒரு நீண்ட இறக்கம் வந்தபோது, எங்கள் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பிய யோசனையை எடுத்துவிட்டேன். "நியூட்ரல் போட்டு உருட்டுனா மிச்சமாமே?"

"மிச்சம்தான். பிரேக்குல காத்து தீந்துச்சுன்னா நாம மிச்சம் இருக்க மாட்டோம். கியர்லயே காலை எடுத்தாப் போதும்க்கா."

நிற்கிற இடத்திலெல்லாம் நான் இறங்கிக் குச்சியை விட்டுப் பார்த்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கூடப்பிறந்தவன் எதிரேயே குச்சி விட்டுப் பார்க்கிறோமே என்று கூசியது. ஆனால் திரும்பிப் போய் அவரிடம் ஆணித்தரமாகச் சொல்ல வேண்டுமே, அதற்காக விட்டேன். ஓர் இடத்திலும் ஒரு கோடு குறையவில்லை.

ஆந்திராவுக்குள் நுழைந்ததும் போர்டு எல்லாம் ஜிலேபியாகிவிட்டது. எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது, பேசத் தெரியும். எங்கள் ஊரில் பாதித் தெருவுக்கு வீட்டுப் பேச்சு தெலுங்குதான். கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டினேனே, அப்போது பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டது. அந்தத் தைரியத்தில், ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையில் சாதம் போட்ட அம்மாளிடம் குழம்பு என்ன குழம்பு என்று கேட்டேன். அந்த அம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டாள். இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றாள். சொன்னேன். மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பேசுவது கோட்டை கொத்தளம் இருந்த காலத்துப் பேச்சு மாதிரி இருக்கிறது. ராணி யாரோ லாரியில் வந்து இறங்கிக் குழம்பு கேட்கிற மாதிரி இருக்கிறது" என்றாள்.

ராணிக்கு அன்று கவனிப்பு பலம். கோங்குரா என்கிற புளிச்சக்கீரையும் பருப்பும் நெய்யும் போட்டாள். ஆவக்காய் ஊறுகாயில் ஒரு துண்டு வைத்துவிட்டு, தமிழ்க்காரி தாங்குவாளா என்று என் முகத்தையே பார்த்தாள். விளாத்திகுளம் மிளகாயில் வளர்ந்தவளிடமா! இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அது வேறு விஷயம். குளிக்க, துவைக்க எல்லாம் அவள் வீட்டிலேயே இடம் கொடுத்தாள். ரோட்டில் போகிற பெண்ணுக்கு என்ன கஷ்டம் என்று நான் வாய் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. இன்னும் அவளை நினைத்துக்கொள்கிறேன்.

அதற்கு அடுத்த நாள்தான் அந்தக் கருகல் வாடை வந்தது.

எனக்குத்தான் முதலில் அடித்தது. ஏதோ வயலில் எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். வயலைத் தாண்டியும் வாடை கூடவே வந்தது. கண்ணாடியில் பார்த்தேன், பின் சக்கரத்திலிருந்து நூல் மாதிரி புகை. மேலே இருப்பது முழுக்கத் தீப்பெட்டி! "ஏல வேலு!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் ஓரம்கட்டிவிட்டான். குடத்தில் இருந்த குடிதண்ணீரை ஊற்றினோம். புஸ்ஸென்று ஆவி வந்தது. 

கொஞ்ச தூரத்தில் ஒரு மெக்கானிக் கடை. ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். வாயில் பீடியோடு வந்த மெக்கானிக், லோடு என்ன என்று சொன்னதும் அவரே பத்தடி தள்ளிப்போய் அதை அணைத்துவிட்டு வந்தார். சக்கரத்தைக் கழற்றியவர் உள்ளே கையை விட்டு எதையோ இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. காய்ந்த கொடி. அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டு, பிரேக் கட்டையை விலகவிடாமல் இறுக்கி வைத்திருந்தது.

"அம்மா, உங்கள் லாரி டீசலில் ஓடுகிறதா, இல்லை மேய்ந்துவிட்டு ஓடுகிறதா?" என்று தெலுங்கில் கேட்டார். "பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இத்தனை தூரம் ஓட்டி வந்திருக்கிறீர்கள். டீசல் எங்கிருந்து கட்டும்?"

நான் சிரித்தேன். வேலு சிரிக்கவில்லை. கொடியை வாங்கிச் சுருட்டி அவசரமாகப் பள்ளத்தில் எறிந்தான். கீழே விழுந்த ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தேன். காய் ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்தால் கறுப்பாக ஒரு மணி, உளுந்து.

"எங்கயாச்சும் ரோட்டுல காயப் போட்டிருப்பாவக்கா. எல்லா வண்டியும் அதுமேலதான போகுது" என்றான்.

அதுவும் சரிதான். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் பாதி ரோடு களம்தான். உளுந்து, சோளம், கம்பு, மல்லி எல்லாவற்றையும் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுத்துவிட்டுப் போகும். அதனால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மாசி மாதத்து நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். சக்கரத்தை மாட்டிக் கிளம்பியதும் வண்டி காலில் கட்டிய கல்லை அவிழ்த்த மாதிரி ஓடியது.

கிருஷ்ணா நதியைப் பாலத்தின்மேல் தாண்டினோம். பாலம் முடிகிறது, முடிகிறது என்று பார்த்தால் முடியவே இல்லை. இரு பக்கமும் தண்ணீர். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வந்தது. கரையில் பார்த்தால் எங்கள் ஊர்க் கரிசல் மண்ணேதான். அதே கறுப்பு, காய்ந்த இடத்தில் அதே வெடிப்பு. நாங்கள் ஐப்பசியில் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறோம், இவர்கள் வாய்க்காலைத் திறந்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். "ஒரே மண்ணுக்கு ரெண்டு தலையெழுத்தாலே" என்றேன். வேலு, "அவியளுக்கு வெள்ளம் வருதப்ப நம்மள நெனச்சிக்கிடுவாவ" என்றான்.

தீப்பெட்டியை இறக்கிவிட்டு, தூத்துக்குடிக்கு மிளகாய் மூட்டை ஏற்றினோம். மிளகாய் விளைகிற சீமைக்கு நான் மிளகாய் கொண்டுபோகிறேன், கொடுமை! வழிநெடுகத் தும்மல். வேலு ஒரு தும்மல் தும்மினால் வண்டியே ஓர் அடி ஒதுங்கும். அவன் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிவிட்டேன். எனக்கும் கட்டிக்கொண்டேன். டீக்கடைகளில் எங்களைக் கொள்ளைக்காரர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

தூத்துக்குடியில் மூட்டைகளை இறக்கியதும் பங்க்கில் டேங்க்கை நிரப்பினோம். நானே பம்பரில் ஏறி வண்டியை ஆட்டினேன். போன தூரத்தையும் போட்ட டீசலையும் பங்க் பையனை வைத்து இரண்டு தரம் வகுக்கச் சொன்னேன். போனது வந்தது எல்லாம் சேர்த்து லிட்டருக்கு நாலே முக்கால். கனத்த லோடோடு வந்தும் நாலே முக்கால்! எனக்கு அங்கேயே குலவை போடலாம் போலிருந்தது.

"கெளம்புலே. இப்பமே போய் ஒன் மச்சான் முகத்துல இத எறியுதேன்."

வேலு கிளம்பவில்லை. சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். "எக்கா, நீ பஸ்ல முன்னால போயிரேன். எனக்கு வழியில ஒரு சின்ன சோலி இருக்கு."

அவன் விரலில் சுற்றிய சாவியைப் பிடித்து நிறுத்தினேன். ஆயிரம் மைல் அடிக்கு அடி பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் வந்து என்னை இறக்கிவிடப் பார்க்கிறான். டேங்க்கும் நிறைந்து இருக்கிறது.

"என்ன சோலி?"

"சும்மாதான்க்கா."

"நான் எறங்க மாட்டேன். போற எடத்துக்கு நானும் வாரேன், ஓட்டு."

அவன் ஏறி வண்டியைக் கிளப்பினான்.  காலி வண்டி கடகடவென்று ஆடிக்கொண்டு போனது. எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டுகிறபோதே எனக்குச் சந்தேகம். அது எங்கள் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா, பேச்சி மதினியைக் கட்டிக்கொடுத்த பக்கம். ஏழெட்டு வருடமாக அந்தப் பக்கம் நாங்கள் கால் வைத்ததில்லை. மாமனார் செத்தபிறகு ஆட்டுக்கிடையைப் பங்கு வைத்தபோது, எங்கள் வீட்டுக்காரர் தன் பங்கை விற்று இந்த லாரிக்கு முன்பணம் கட்டினார். "உசிரோட நடமாடுதத வித்து இரும்ப வாங்குதான் பாரு" என்று மதினி ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டார். இவர் பதிலுக்கு ஒன்று சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது.

வேலு மெயின் ரோட்டை விட்டுக் கிளை ரோட்டில் திருப்பினான். கொஞ்ச தூரத்தில் ஓர் ஆள், கையில் தகர டின்னோடு நின்றுகொண்டிருந்தார். வண்டியைக் கண்டதும் டின்னைத் தூக்கி ஆட்டினார்.

எனக்குக் கண்ணே இருட்டிவிட்டது. டீசல் டின்! ஐயோ, என் வீட்டுக்காரர் சொன்னது நிஜம். இந்தத் தம்பிக்காக நான் தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தேனே!

வண்டி நின்றது. அந்த ஆள் டின்னை வேலுவிடம் நீட்டினார். வேலு அதை அண்ணாந்து குடித்தான். மோர்.

அப்புறம்தான் முன்னால் பார்த்தேன். கிளை ரோட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் உளுந்துச் செடி. வேரோடு பிடுங்கிக் காயவைத்து, வீட்டுக்கு ஒரு பத்தியாகப் பரப்பியிருந்தார்கள். ஓரத்தில் வரிசையாக ஆணும் பெண்ணும் செடி புரட்டுகிற கவைக்கம்போடு நின்றார்கள். "வேலு வண்டி வந்துட்டு!" என்று ஒரு சத்தம். முதல் பத்திக்குப் பக்கத்தில், முந்தானையைத் தலையில் கட்டிக்கொண்டு, பேச்சி மதினி.

என்னைக் கண்டதும் கையிலிருந்த கம்பைக் கீழே போட்டார். பிறகு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஏ தாயி, நீயும் வந்திட்டியா! என் தம்பி மவராசன். மாட்ட வித்துட்டு, உளுந்த ரோட்டுல போட்டுட்டு, மிதிக்க ஒரு வண்டி வராதான்னு நின்னேன் பாரு. அந்த வருசத்துலருந்து வருசம் தப்பாம வண்டிய அனுப்பிருதான். மொகத்தப் பாக்க மாட்டேங்கான், ஆனா மறக்கல. கூடப்பெறந்த பெறப்பு விட்டுப்போகுமா?"

நான் திரும்பி வேலுவைப் பார்த்தேன். அவன் ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மிதிப்பு ஆரம்பித்தது. லோடு வண்டி ஏறினால் உளுந்து மாவாகிவிடும், காலி வண்டிதான் பதம் என்றார் மதினி. முதல் கியரில் எறும்பு ஊர்கிற மாதிரி போவான், பின்னால் வருவான், மறுபடி போவான். செடியைப் புரட்டிவிடுவார்கள், மறுபடியும் மிதிப்பான். ஒரு வீட்டுப் பத்தி முடிந்தால் அடுத்த வீட்டுப் பத்தி. இஞ்சின் மட்டும் ஓயாமல் ஓடுகிறது, கிலோமீட்டர் எண் நகர மாட்டேன் என்கிறது. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. போன நடையில் இங்கே மிதித்தபோது அச்சில் சுற்றிய கொடியும் விளங்கியது. இவன் வருடா வருடம் ஆந்திரா உளுந்து என்று சொல்லி எங்கள் வீட்டில் ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்குவானே, அதுவும் விளங்கியது.

இடையில் ஒரு கிடை ஆடு வந்து ஓரத்துப் பத்தியில் வாயை வைத்தது. மதினி என் கையிலிருந்த மூங்கில் குச்சியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

மோர் குடிக்க இறங்கியபோது வேலுவை வண்டி மறைவுக்கு இழுத்தேன்.

"ஏலே, இத ஒன் மச்சான்ட்ட சொல்லித் தொலைஞ்சா என்ன? திருடன்னு பேரு வாங்கிட்டு நிக்கிதியே."

"எப்படிக்கா சொல்லுவேன்? மொத வருசம் இந்தப் பக்கமா வந்தப்ப, 'தம்பி அனுப்பினானா'ன்னு கேட்டாவ. அவிய மொகத்தப் பாத்ததும் ஆமான்னு வாயில வந்திட்டு. அவியளுக்கு மிதிச்சிட்டு அடுத்த வீட்டுக்கு மாட்டேன்னா நல்லாருக்குமா? இப்ப மச்சான்ட்ட சொன்னா, நிறுத்துன்னுருவாரு. நிறுத்தினா மதினிக்குத் தெரிஞ்சுபோகும்லா, தம்பி அனுப்பவேயில்லன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் முதுகில் ஒன்று போட்டேன். அதே கையால் அவன் தலையில் ஒட்டியிருந்த உளுந்து உமியைத் தட்டிவிட்டேன்.

இப்போது நான் என்ன செய்ய? உண்மையைச் சொன்னால் தம்பி பிழைத்தான், மதினி மனசு உடையும். சொல்லாவிட்டால் தம்பி திருடன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே பொழுது மேற்கே சாய்ந்துவிட்டது. உளுந்தைத் தூற்றி அள்ளி, ஒரு மூட்டையை மதினி வண்டியில் ஏற்றச் சொன்னார். மூட்டை ஏறியதும் என் வாய் தானாகத் திறந்தது.

"மதினி, நீங்களும் ஏறுங்க. உங்க தம்பிதான் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாவ."

வேலு வெடுக்கென்று திரும்பிப் பார்த்தான். என்ன செய்ய, எங்கள் குடும்பத்து வாய் அப்படி.

மதினி முந்தானைக் கட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். வீட்டுக்குப் போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். எட்டயபுரம் வரும்வரை டாஷ்போர்டைத் தடவிக்கொண்டே வந்தார். "நல்ல வண்டிதான்" என்றார் ஒருமுறை. நான் மைல்கல்லை எண்ணிக்கொண்டே வந்தேன். 'நான் எங்க வண்டி அனுப்பினேன்?' என்று அந்த மனுசன் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது.

கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்குள் நுழையும்போது இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. ஆரன் சத்தம் கேட்டு வெளியே வந்தவர் நேரே டேங்க் பக்கம்தான் போனார். மேலே பார்க்கவே இல்லை. மூடியைத் திறந்துகொண்டே கையை நீட்டினார்.

"குச்சி எங்கட்டி?"

"அத நான் ஆடு பத்த வச்சிருக்கேம்லே" என்றது மதினியின் குரல். "வேணும்னா வீட்டுக்கு வந்து எடுத்துக்கோ."

டேங்க் மூடி அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து உருண்டது. மதினி படியில் கால் வைத்து இறங்கினார். 

"வருசா வருசம் எனக்கு வண்டிய அனுப்பத் தெரிஞ்சுதே, ஒரு தடவ கூட நீயும் ஏறி வரணும்னு தெரியலயால?" என்று கேட்டார் மதினி. கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

அவர் வேலுவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வண்டியில் இருந்த மூட்டையைப் பார்த்தார். குனிந்து, சக்கரத்தில் ஒட்டியிருந்த உளுந்துக் கொடியைப் பார்த்தார். எத்தனையோ மாசியின் கணக்கு அவர் முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது. 

"ஒனக்கு அனுப்பாம நான் வேற யாருக்குக்கா அனுப்புவேன்?" என்றார்.

வேலு மூடியைத் தேடுகிற சாக்கில் லாரிக்கு அடியில் போய்விட்டான். வெகுநேரம் அவன் வெளியே வரவில்லை.

சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எங்கள் வீட்டுக்காரர் இன்றுவரை வாயால் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நடைக்குப் பங்க்கில் டேங்க் நிரம்பியபோது, அவர் பம்பரில் ஏறி ஆட்டினார். ஆட்டிக்கொண்டே, "வேலு, எப்போதும்வென்றான்ல இன்னும் கம்பு கெடக்காம். அதுக்கும் சேத்துப் போட்டுக்கோ" என்றார்.

அந்த வாரமே அக்கா வீட்டில் இருக்கிற குச்சியை எடுத்துவருகிறேன் என்று பஸ் ஏறிப் போனார். இரண்டு நாள் கழித்து வந்தார். தோளில் ஒரு மூட்டை கம்பு இருந்தது. குச்சியைக் காணோம்.